அக்காவுக்காக ஓர் உட்பிரிவு

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். இங்கே நானும் அவளும் பிள்ளைகளும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் வாங்கித் தந்த எண்ணெயைத் தேய்க்கிறாயா, அல்லது அது அலமாரியில் அழகுக்கு நிற்கிறதா? அத்தானின் இருமல் குறைந்ததா?

சபை கூடிவிட்டது. புதிய வேலைச் சட்ட மசோதா வந்திருக்கிறது. அதை ஆராயும் குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள். இருநூறு பக்கம். படித்தால் தூக்கம் நன்றாக வருகிறது. அதில் சண்டைக்குரிய இடம் ஒன்றுதான். இதுவரை அரசு ஆய்வாளர் சொல்லாமல் கொள்ளாமல் ஆலைக்கு வந்து பார்க்கலாம். இனி வரமாட்டார். முதலாளியே வருஷத்துக்கு ஒரு தடவை, எல்லாம் பாதுகாப்பாக இருக்கிறது என்று ஓர் உறுதிமொழிப் படிவத்தை நிரப்பி அனுப்பினால் போதும்.

கட்சித் தலைவர் ஆதரிக்கச் சொல்கிறார். சங்கக்காரர்கள் என் வாசலில் வந்து கத்துகிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதுபோலத் தெரிகிறது. அது என் பிறவி வியாதி, உனக்குத் தெரியும். குழுவில் இருக்கும் பதினொரு பேரில் ஒருத்தரும் ஓர் ஆலைக்குள் ஒரு முழு நாள் நின்றதில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நீ நிற்கிறாய். உங்கள் சலவை ஆலைக்கு ஆய்வாளர் வந்தால் உண்மையில் என்னதான் நடக்கும்? ஒளிக்காமல் எழுது.

தொலைபேசியில் சொல்லாதே. அதை எடுப்பது என் செயலாளர். உன் கடிதத்தை மட்டும் அவர் பிரிக்கமாட்டார்.

அன்புடன்,
தம்பி

*

ஜனவரி 27

அன்புத் தம்பிக்கு,

அக்கா. எண்ணெய் அலமாரியில்தான் இருக்கிறது, அழகாகத்தான் இருக்கிறது. முழங்கால் எனக்குப் பழகிவிட்டது, அல்லது நான் அதற்குப் பழகிவிட்டேன். அத்தான் இருமுகிறார், இருமிக்கொண்டே வைத்தியரைத் திட்டுகிறார், ஆகவே நலம் என்று வைத்துக்கொள். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? பத்திரிகைப் படத்தில் சட்டை உன் தோளில் தொங்கியது.

ஆய்வாளரைப் பற்றி நல்ல ஆளிடம் கேட்டாய். பத்தொன்பது வருஷமாகப் பார்க்கிறேன்.

வாசல்காரர் மணியை ஒரு தடவை அடித்தால் லாரி. இரண்டு தடவை அடித்தால் ஆய்வாளர். அவர் வருகைப் புத்தகத்தில் எழுதி, மேனேஜர் அறையில் தேநீர் குடித்து, உள்ளே வரக் கால் மணி நேரம் ஆகும். அதற்குள் நாங்கள் வேறு ஆலையாகிவிடுவோம். வருஷம் முழுக்கச் சுற்றாத மின்விசிறி சுற்றும், அதன் தூசி எல்லோர் தலையிலும் கொட்டும். பின்கதவை அடைத்திருக்கும் அழுக்குத்துணி வண்டிகள் மாயமாகும். பூட்டிய அலமாரியிலிருந்து புத்தம் புதுக் கையுறைகள் வரும். போன தடவை எனக்குக் கிடைத்த இரண்டும் இடது கைக்கானவை. வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றேன்.

முக்கியமான வேலை உருளையில். உனக்கு உருளை தெரியாது, நீ எப்போதும் வாசலோடு நின்றவன். ஈர விரிப்பின் இரண்டு மூலைகளை இரண்டு பேர் பிடித்து நீட்டவேண்டும். சூடான பெரிய உருளை அதை இழுத்துக்கொண்டு மறுபக்கம் தேய்த்து அனுப்பும். உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை கிட்டே போய் அதில் பட்டால் உருளை உடனே நின்றுவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் தடித்த விரிப்பின் மடிப்பு பட்டாலும் நின்றுவிடும். மறுபடி ஓட ஐந்து நிமிஷம். அதனால் மேனேஜர் ஒரு கிழிந்த துணி நாடாவால் கம்பியைத் தூக்கிக் கட்டிவைத்திருப்பார். இரண்டு மணி அடித்ததும் யாராவது ஓடிப்போய் நாடாவை வெட்டுவோம்.

ஆய்வாளர் நல்ல மனுஷர். உள்ளே வந்ததும் கண்ணாடியில் ஆவி படிந்து அவருக்கு ஒன்றும் தெரியாது. துடைத்துக்கொண்டே, "எல்லாம் சரியா இருக்கா?" என்பார். நாங்கள் ஒரே குரலில், "இருக்கு சார்" என்போம். எழுதிக்கொண்டு போய்விடுவார். இந்த நாடகத்துக்கு ஓர் அதிகாரி எதற்கு? தபாலில் ஒரு ரப்பர் முத்திரையை அனுப்பினால் போதாதா?

சிரித்தாயா? சரி, இனிமேல் சிரிக்காமல் படி.

அவர் போன பிறகு மூன்று நாள், சில சமயம் நான்கு நாள், நாடாவைக் கட்டமாட்டார்கள். மறந்துவைத்த குடைக்காக அவர் ஒரு தடவை திரும்பி வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டார், அன்றிலிருந்து மேனேஜருக்கு அந்தப் பயம். அந்த மூன்று நாளும் என் ஜோடிக்காரி பாடுவாள். பதினொரு வருஷமாக விரிப்பின் மறுமுனையைப் பிடிப்பவள். அவளுக்குப் பாட்டுக்காரி என்றே பெயராகிவிட்டது, ஆனால் மற்ற நாட்களில் வாயே திறக்கமாட்டாள். கேட்டால், "கைய பார்க்கணுமா, பாட்ட பார்க்கணுமா?" என்பாள்.

வருஷத்தில் மூன்று தடவை ஆய்வாளர். ஆக எங்களுக்குப் பத்து நாள் கிடைக்கிறது. அந்தப் பத்து நாளையும் எடுத்துவிடாதே. ஆவி படியாத கண்ணாடி போட்டவரை அனுப்பு, அடிக்கடி அனுப்பு, மணி அடிக்காமல் வரச் சொல். நான் சொல்ல வந்தது இதுதான். முன்னால் எழுதியதெல்லாம் உன்னைச் சிரிக்கவைக்க.

பிள்ளைகளுக்கு முத்தம்.

அக்கா

*

பிப்ரவரி 22

என் அன்பான அக்காவுக்கு,

எல்லோரும் நலம். எனக்குத்தான் தொண்டை கட்டிவிட்டது, அதற்குக் காரணம் நீதான்!

நேற்று முன்தினம் சபையில் பேசினேன். இருபத்திரண்டு நிமிஷம். உன் கடிதத்தை வாசித்தேன். பெயர் சொல்லவில்லை, "எனக்கு மிக நெருங்கிய ஒரு சலவைத் தொழிலாளி" என்றுதான் சொன்னேன். இரண்டு இடது கையுறை என்றதும் எதிர்க்கட்சிக்காரர்களே மேசையைத் தட்டினார்கள். ரப்பர் முத்திரைக்குச் சபாநாயகர் சிரித்தார். தலைவர் என்னிடம் வந்து தோளில் கை போட்டார். ஏழு வருஷத்தில் முதல் தடவை. பத்திரிகைத் துண்டை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அதில் தலைப்பைப் பார்த்து முகம் சுளிக்காதே. நான் மசோதாவை ஆதரித்துத்தான் பேசினேன். யோசித்துப் பார்த்தேன், அக்கா. நீ எழுதியதுதானே உண்மை? ஆய்வு என்பது வெறும் கண்துடைப்பு. அந்தக் கண்துடைப்பைக் காப்பாற்ற நான் ஏன் சண்டை போடவேண்டும்?

ஆனால் உன் தம்பி வெறுங்கையோடு வரவில்லை. ஒரு திருத்தம் கொண்டுவந்து ஏற்கவைத்துவிட்டேன். முதலாளி தரும் உறுதிமொழியில் ஒரு தொழிலாளியும் ஒப்பமிட வேண்டும். அது இல்லாமல் படிவம் செல்லாது. பதினேழாம் பிரிவு, இரண்டாம் உட்பிரிவு. மொத்தச் சட்டத்திலும் நான் எழுதியது அந்த நான்கு வரிதான். உன்னை நினைத்துத்தான் எழுதினேன். அதைப் படிக்கும்போது இது அக்காவுக்காகத் தம்பி எழுதியது என்று நினைத்துக்கொள்.

முழங்காலைக் கவனி.

தம்பி

*

மார்ச் 13

தம்பிக்கு,

நலம். தொண்டைக்கு வெந்நீர் குடி.

பத்திரிகைத் துண்டு வருவதற்கு முன்னாலேயே பத்திரிகை இங்கே வந்துவிட்டது. சாப்பாட்டு அறையில் மேனேஜர் அதைச் சத்தமாக வாசித்தார். இடது கையுறை வந்ததும் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முதுகுக்குப் பின்னால் கை வைத்து நின்றவள் அந்த அறையில் ஒருத்திதானே. மேனேஜர், "நம்ம வீட்டுப் புள்ளதான் சட்டத்தையே மாத்தியிருக்கு" என்றார். கைதட்டவும் செய்தார்.

நான் எழுதியது ஐந்து பக்கம். நீ வாசித்தது மூன்றரை. மிச்சம் ஒன்றரையை என்ன செய்தாய்? கீழே விழுந்துவிட்டதா?

சாப்பாட்டு வேளையில் இப்போது ஒரு பெஞ்சு முழுவதும் எனக்குக் கிடைக்கிறது. காலை நீட்டி உட்கார வசதி, முழங்காலுக்கு நல்லது. பாட்டுக்காரி மட்டும் என்னோடு வந்து உட்காருகிறாள். என்னோடு உருளையில் நிற்க வேறு யாரும் வரவில்லை, அவள்தான் மேனேஜரிடம் போய், "நாங்க ஜோடி, மாத்தாதீங்க" என்றாள்.

இன்னும் ஓட்டெடுப்பு நடக்கவில்லை என்று பத்திரிகையில் இருக்கிறது. எழுந்து நின்று அந்த ஒன்றரைப் பக்கத்தையும் வாசித்துவிடு. நேரம் ஆகாது. நான் நினைவிலிருந்து இரண்டு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன், நான்கு நிமிஷம்தான்.

அத்தான் இருமுகிறார்.

அக்கா

*

ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? சின்னவனுக்குக் காய்ச்சல் வந்து போனது. பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள்.

சட்டம் நிறைவேறிவிட்டது. நானும் ஆதரித்துத்தான் ஓட்டுப் போட்டேன். நீ கோபமாக இருப்பாய், தெரியும். ஆனால் என் நிலையையும் கொஞ்சம் பார். சபையில் ஒருவன் ஒரு பக்கம் பேசிவிட்டு, ஒரு மாதம் கழித்து எழுந்து, "மன்னிக்கவும், என் கையில் இன்னும் ஒன்றரைப் பக்கம் இருக்கிறது" என்று சொன்னால் அவனை யாரும் அதன் பிறகு காது கொடுத்துக் கேட்கமாட்டார்கள். நான் எதிர்த்திருந்தாலும் மசோதா நிறைவேறியிருக்கும். அந்த உட்பிரிவு மட்டும் இருந்திருக்காது. உள்ளே இருப்பவனால்தான் எதையாவது பெற முடியும், வெளியே நிற்பவன் தொண்டை கிழியக் கத்தலாம், அவ்வளவுதான். இதை நான் பயத்தில் சொல்லவில்லை. நம்பித்தான் சொல்கிறேன்.

ஒன்றை யோசித்துப் பார். ஆவி படிந்த கண்ணாடியோடு வருபவரை நம்பி இருந்தீர்கள். இப்போது உங்களில் ஒருத்தர் ஒப்பம் இல்லாமல் ஆலை ஓட முடியாது. இனி ஆய்வாளர் நீங்கள்தான்.

அத்தானுக்கு இங்கிருந்து நல்ல மருந்து அனுப்பட்டுமா?

தம்பி

*

மே 19

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். சின்னவன் இப்போது எப்படி இருக்கிறான்? காய்ச்சல் வந்த உடம்பு, அவனை வெயிலில் விடாதே.

இது அவசரம், அதனால் கிண்டல் எதுவும் இல்லை. மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். பத்தொன்பது வருஷத்தில் அந்த நாற்காலியில் இன்றுதான் உட்கார்ந்தேன். குளிர்ந்த பானம் வந்தது. உறுதிமொழிப் படிவத்தில் தொழிலாளர் சார்பில் நான்தான் ஒப்பமிட வேண்டுமாம். "உங்க தம்பி கொண்டுவந்த சட்டம், நீங்க போட்டாத்தானே பொருத்தம்" என்றார்.

படிவத்தில் நாற்பத்தொரு கட்டங்கள். எல்லாவற்றிலும் ஏற்கெனவே 'ஆம்' என்று அச்சடித்துக் கொண்டுவந்துவிட்டார்கள். இருபத்தாறாவது கட்டம் இப்படி இருக்கிறது: 'எல்லா எந்திரங்களிலும் பாதுகாப்புத் தடுப்புகள் எந்நேரமும் செயல்படுகின்றன.'

செயல்படவில்லை, தம்பி. பிப்ரவரியிலிருந்து மணி இரண்டு தடவை அடிக்கவே இல்லை. நாடா கட்டியது கட்டியபடி இருக்கிறது. இப்போது துணி நாடாகூட இல்லை, நைலான் கயிறு.

போடமாட்டேன் என்றால், "சரி, யோசிங்க. ஆர்டர் குறைஞ்சிருக்கு, உருளைப் பக்கம் ஆள் குறைக்க வேண்டியிருக்கு" என்கிறார். ஆள் குறைப்பு என்றால் ஜோடியாகத்தான் போவோம், பாட்டுக்காரிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறார். அவளுக்கு மூன்று பிள்ளைகள். எனக்கு அத்தான். மற்றவர்களிடம் யோசனை கேட்கலாம் என்றால் என்னோடு யாரும் பேசுவதில்லை.

சட்டம் எழுதியவன் நீ. போடலாமா, கூடாதா? ஜூன் 15 கடைசி நாள். ஒரு வரி எழுது, போதும். நீ கூடாது என்று எழுதினால் அந்தக் கடிதத்தைக் காட்டி மறுத்துவிடுவேன். சட்டம் எழுதியவனே சொல்கிறான் என்றால் அவர் என்ன செய்ய முடியும்?

அக்கா

*

ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

சுற்றுப்பயணத்தில் இருந்தேன், உன் கடிதம் என்னைத் துரத்தி வந்து நேற்றுத்தான் பிடித்தது. சின்னவன் நலம். முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தாயா, இல்லையா? அதற்கு மட்டும் நீ ஒரு நாளும் நேராகப் பதில் எழுதுவதில்லை.

தடுப்புக் கம்பியை இன்னும் கயிற்றால் கட்டித்தான் வைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் வருத்தமாக இருந்தது. மேனேஜரிடம் நான் பிறகு பேசுகிறேன். ஆனால் அக்கா, இது முதல் வருஷம். எல்லா ஆலையிலும் படிவத்தை அப்படியே நிரப்பித்தான் அனுப்புகிறார்கள், இது ஒரு சம்பிரதாயம். அடுத்த வருஷம் இறுக்கிப் பிடிக்கலாம். சட்டத்தைக் கொண்டுவந்தவனின் சொந்த அக்காவே ஒப்பமிட மறுத்தாள் என்று ஒரு பத்திரிகை எழுதினால் என் கதை முடிந்தது. இந்த மாதம் துணை அமைச்சர்கள் பட்டியல் வருகிறது. என் பெயரும் அடிபடுகிறது. நான் அங்கே போய்விட்டால் உனக்கும் உன் பாட்டுக்காரிக்கும் நல்லதுதானே?

கையெழுத்துப் போட்டுவிடு. ஒன்றும் ஆகாது. நான் இருக்கிறேன்.

தம்பி

*

செப்டம்பர் 5

தம்பிக்கு,

இடையில் வந்த உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. துணை அமைச்சர் ஆனதற்கு வாழ்த்து. பதில் எழுதாததற்குக் கோபம் காரணமில்லை, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருந்தேன்.

ஜூன் 14 அன்று கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை 29, சாப்பாட்டு வேளைக்குப் பிறகு. விடுதியிலிருந்து வந்த தடித்த விரிப்புகள். ஒரு மடிப்பு சுருண்டுகொண்டது. அதை நேராக்கப் பாட்டுக்காரி கை நீட்டினாள். கம்பி மேலே கட்டிக் கிடந்தது. உருளை விரிப்போடு கையையும் இழுத்துக்கொண்டது. மறுமுனையை நான் பிடித்திருந்தேன். என்னால் திரும்ப இழுக்க முடியவில்லை. "அக்கா நிறுத்து, அக்கா நிறுத்து" என்றாள். சுவிட்ச் எதிர்ச் சுவரில் இருக்கிறது. ஒன்பது எட்டு வைக்கவேண்டும். நீ எல்லாக் கடிதத்திலும் என் முழங்காலைப் பற்றிக் கேட்பாய். என்னால் ஒன்பது எட்டு ஓட முடியவில்லை, தம்பி. பாதியில் விழுந்து தவழ்ந்து போய்த்தான் நிறுத்தினேன்.

வலது கை மணிக்கட்டுக்குக் கீழே இல்லை. எடுத்துவிட்டார்கள்.

ஆம்புலன்ஸ் வருவதற்கு முன் மேனேஜர் கயிற்றை வெட்டிவிட்டார். விசாரணைக்கு வந்தவர்கள் கம்பியைத் தொட்டுப் பார்த்தார்கள், உருளை நின்றது. படிவத்தை எடுத்தார்கள், இருபத்தாறாவது கட்டத்துக்குக் கீழே என் கையெழுத்து. ஆக, தடுப்பு வேலை செய்திருக்கிறது, அவள்தான் அஜாக்கிரதையாகக் கை விட்டிருக்கிறாள். அவளுக்கு நஷ்டஈடு கிடையாது. கம்பி கட்டியிருந்தது என்று நான் சொன்னால், பொய் உறுதிமொழி கொடுத்தவள் நான். ஆலையில் மற்ற யாரும் வாய் திறக்கவில்லை.

உன் பெயர் போட்ட பழக்கூடை ஆஸ்பத்திரிக்கு வந்தது. ஆரஞ்சு. ஒரு கையால் உரிக்க முடியவில்லை, நான் உரித்துக் கொடுத்தேன். அவள், "நீ கையெழுத்துப் போட்டப்ப எனக்குக் கை இருந்துச்சு" என்றாள்.

நான் இருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். இப்போது இரு. அந்தப் படிவம் எப்படிக் கையெழுத்தானது என்று உனக்குத் தெரியும். வந்து சொல்.

அக்கா

*

செப்டம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த அம்மாவை நினைத்து மனசு மிகவும் கஷ்டப்படுகிறது. உன்னையும் நினைத்துத்தான். விழுந்ததில் உனக்கு அடி பட்டதா? நீ எழுதவே இல்லையே.

பத்திரிகையாளர்கள் கேட்டார்கள். சட்டம் சரியானது, நடைமுறையில்தான் கோளாறு என்று சொன்னேன். என் கருத்தும் அதுதான். ஒரு விபத்தை வைத்து ஒரு சட்டத்தை எடைபோட முடியாது. நேரில் வந்து சொல்லச் சொல்கிறாய். விசாரணையில் இருக்கும் விஷயத்தில் ஒரு துணை அமைச்சர் தலையிட்டால் அது அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துவதாகிவிடும். உனக்கும் அது நல்லதில்லை.

வேறொரு விஷயம். அங்கே மழை பலமாக இருக்கும். உன் வீட்டுச் சுவரில் ஓதம் ஏறும், கரையானும் வரும். நான் உனக்கு எழுதிய பழைய கடிதங்களையெல்லாம் வைத்திருக்கிறாய் அல்லவா? எல்லாவற்றையும், முக்கியமாக இந்த வருஷத்துக் கடிதங்களை, ஒரு பையில் போட்டு வைத்திரு. என் ஆள் ஒருவர் வந்து வாங்கிக்கொள்வார். பிள்ளைகளுக்காகப் பத்திரப்படுத்த நினைக்கிறேன். வேறு யாரிடமும் கொடுக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

*

அக்டோபர் 3

தம்பிக்கு,

நலமாக இல்லை. அத்தான் இருமுகிறார். என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

என் வீட்டில் கரையான் இல்லை.

உன் ஆள் வந்தார். நல்ல காலணி போட்டிருந்தார், வாசலில் கழற்றத் தயங்கினார். பழைய கடிதங்களைக் கொடுத்தனுப்பினேன். நீ பரீட்சையில் தோற்று எழுதியது, கல்யாணத்துக்கு என்னிடம் அனுமதி கேட்டு எழுதியது, எல்லாம் அதில் இருக்கிறது. ஜூன் 12 தேதியிட்டது மட்டும் இல்லை. அதைப் பாட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டேன்.

கொடுக்கலாமா என்று பத்து நாள் யோசித்தேன். உன் முகம்தான் கண்ணில் நின்றது. பிறகு அவள் இடது கையால் சின்னப் பெண்ணுக்குச் சடை பின்னப் பார்த்து, முடியாமல், பிள்ளையை அடித்துவிட்டு அவளும் அழுததைப் பார்த்தேன். நேராக வீட்டுக்கு வந்து கடிதத்தை எடுத்தேன். அவளுடைய வக்கீல் படித்துவிட்டு, "இந்த ஒரு தாள் போதும்மா" என்றார். கம்பி கட்டியிருந்ததும் அதில் இருக்கிறது, நீ போடச் சொன்னதும் இருக்கிறது.

உன் பதவி போகலாம். எனக்கும் தண்டனை வரலாம், வரட்டும். நீ எழுதியதை நீதான் எழுதினேன் என்று சொல்லிவிடு. அவளுக்கு நஷ்டஈடு கிடைக்க அது போதும். நீ அப்படிச் சொல்லிவிட்டால், சத்தியமாகச் சொல்கிறேன், இந்த வருஷம் நடந்த எதையும் நான் உன்னிடம் கேட்கமாட்டேன். பழையபடி எழுதுவேன், கிண்டல் செய்வேன். எண்ணெய்கூடத் தேய்க்கிறேன்.

அக்கா

*

நவம்பர் 6

அம்மையீர்,

மாண்புமிகு துணை அமைச்சர் அவர்களுக்குத் தாங்கள் எழுதிய அக்டோபர் 3 தேதியிட்ட கடிதம் கிடைக்கப்பெற்றது.

தாங்கள் குறிப்பிடும் ஜூன் 12 தேதியிட்ட கடிதம் எதுவும் மாண்புமிகு துணை அமைச்சர் அவர்களால் எழுதப்படவில்லை. இதனை அவர் சத்தியப் பிரமாணப் பத்திரமாக விசாரணை மன்றத்தில் தாக்கல் செய்துள்ளார். மேற்படி கடிதத்தைப் போலியாகத் தயாரித்தவர் யார், அதனை மன்றத்தில் கொடுத்தவர் யார் என்பது குறித்து உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.

இனி இப்பொருள் குறித்த கடிதங்களை இவ்வலுவலகத்துக்கு மட்டுமே அனுப்புமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.

மாண்புமிகு துணை அமைச்சர் அவர்கள் தங்கள் உடல்நலம் குறித்து விசாரித்தார்கள்.

இங்ஙனம்,
செயலாளர்

*

டிசம்பர் 15

தம்பிக்கு,

இதை உன் அலுவலகத்துக்கு அனுப்பவில்லை. வீட்டு முகவரிக்கு அனுப்புகிறேன். உன் மனைவி பிரித்தாலும் பரவாயில்லை.

நேற்று மன்றத்துக்குப் போனேன். ஆமாம் என்று சொல்லத்தான் போனேன். காலையில் அத்தானிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். பாட்டுக்காரியும் நானும் ஒரே பஸ்ஸில் போனோம். ஜூலைக்குப் பிறகு நேற்றுத்தான் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் தோளில் சாய்ந்து கொஞ்ச நேரம் தூங்கவும் செய்தாள்.

நடைபாதையில் உன் தரப்பு வக்கீல் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மிரட்டவில்லை, மரியாதையாகத்தான் பேசினார். "அம்மா, நீங்க ஆமான்னு சொன்னா, உங்க தம்பி பொய் சத்தியம் பண்ணினவர் ஆயிடுவார். பதவி மட்டும் இல்லம்மா, உள்ள போகணும். தெரிஞ்சு சொல்லுங்க" என்றார். நீ ஏன் சத்தியம் செய்தாய், தம்பி? நினைவில்லை என்று மழுப்பியிருக்கக்கூடாதா? நான் உன்னை உள்ளே அனுப்பமாட்டேன் என்று உனக்கு நிச்சயமாகத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் செய்தாய்.

கடிதத்தை என் கையில் கொடுத்தார்கள். நீதிபதி, "இது உங்க தம்பி எழுத்தாம்மா?" என்று கேட்டார்.

உன் எழுத்து எனக்குத் தெரியாதா? முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தாயா என்று மேலேயே கேட்டிருந்தாய். அதற்குக் கீழே என்னால் படிக்க முடியவில்லை. இல்லை என்றேன். அவர் மறுபடி கேட்டார். மறுபடியும் இல்லை என்றேன். "அப்போ யார் எழுதினது?" தெரியாது என்றேன்.

இருபது நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். நஷ்டஈடு இல்லை. நான் போட்ட கையெழுத்து செல்லும். போலிக் கடிதம் கொடுத்ததற்காகப் பாட்டுக்காரிமேல் வழக்குத் தொடரலாமா என்று பார்க்கிறார்களாம். அதை மட்டுமாவது நிறுத்து. உன்னால் முடியும். உள்ளே இருப்பவன் நீதானே.

நான் இதைப் பாசத்தில் செய்தேன் என்று நினைத்துச் சந்தோஷப்படாதே. என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். உன்மேல் எனக்கு இருக்கும் அருவருப்பைவிட என்மேல் அதிகம்.

வெளியே வந்தபோது பாட்டுக்காரி படிக்கட்டில் உட்கார்ந்து, வழக்குத் தாள்கள் வைத்த கோப்பைக் கட்டப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கையால் நாடா நிற்கவில்லை. குனிந்து ஒரு முனையைப் பிடிக்கப் போனேன். விடவில்லை. பல்லால் கடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டு எழுந்தாள். என்னைத் திட்டுவாள் என்று நின்றேன்.

"நீ போக்கா" என்றாள். "போயி தம்பிக்கு லெட்டர் எழுது."

எழுதிவிட்டேன். பதில் போடாதே.

அக்கா